அளக்காமல் போட்ட ஏழு கையெழுத்து

விஜயரட்ணத்தின் அறைக்குள் போகிறவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். பேராசிரியராக இருந்தாலும் சரி, கோலாலம்பூரிலிருந்து பார்வையிட வந்த பெரிய அதிகாரியாக இருந்தாலும் சரி, கழற்றியே ஆக வேண்டும். கேட்டால் "தூசு" என்பார். தூசு மட்டுமே காரணமில்லை என்று எல்லாருக்கும் தெரியும். மனுஷனுக்கு அது கோயில். அங்கே குருக்களும் அவர்தான், தர்மகர்த்தாவும் அவர்தான்.

மலாக்கா நகரத்து ஓரத்தில் இருந்த அந்த மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் ஆறு நுண்ணோக்கிகள். பதினான்கு ஆராய்ச்சிக் குழுக்களுக்கும் அவை பொது. ஈரல்காரர், மூளைக்காரர், புற்றுநோய்க்காரர் என்று ஆளாளுக்கு நேரம் பதிந்துகொண்டு வருவார்கள். சதைத் துணுக்கு ஒட்டிய தங்கள் கண்ணாடித் தகடுகளைப் படமெடுப்பார்கள், அங்கேயே உள்ள கணினியில் அந்தப் படங்களை அளப்பார்கள், வந்த எண்களை எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த எண்களை வைத்துத்தான் கட்டுரை, பட்டம், பதவி எல்லாம். அதனால் விஜயரட்ணத்துக்கு டாக்டர் பட்டம் இல்லாவிட்டாலும் டாக்டர் பட்டம் வாங்குகிற அத்தனை பேரும் அவரிடம் பணிந்துதான் போனார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது.

தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வந்தவர். அப்பா ஆஸ்பத்திரிக் கிராணி. மூன்று தலைமுறையாகச் சம்பள உத்தியோகம், வெள்ளைச் சட்டை, பிசகாத கணக்கு. "எங்கட ஆக்கள் கையெழுத்து வச்சா, அதை ஒருத்தரும் திருப்பிப் பாக்கத் தேவையில்லை" என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த குடும்பம். தங்கா பத்துவில் சொந்த வீடு, ஆஸ்திரேலியாவில் மகள், ஓய்வு பெற இன்னும் ஒன்றேகால் வருடம். இப்படி ஒரு நல்ல பெயரோடு ஓய்வு பெற்றிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

அந்த அறையில் பச்சை அட்டை போட்ட ஒரு புத்தகம் இருந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை ஒரு கண்ணாடி அளவுகோலை நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் படமெடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகள் கிழித்த அளவுகோல் அது. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் எவ்வளவு தூரம் என்பது முன்பே தெரிந்த விஷயம். கணினியும் அதே தூரத்தைச் சொன்னால் எந்திரம் சரி. சரியென்றால் பச்சைப் புத்தகத்தில் தேதி, எண், கையெழுத்து. இந்த முறையை ஏற்படுத்தியவரே விஜயரட்ணம்தான். வேறு யாரையும் அந்தப் புத்தகத்தைத் தொட விட்டதில்லை.

இங்கேதான் கேவலம் ஆரம்பிக்கிறது. ஒன்பது வருடம் ஒழுங்காக அளந்தார். ஒரு தடவைகூட எண் மாறவில்லை. மாறாததை எதற்கு அளப்பது என்று ஒரு மாதம் விட்டார். ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் இரண்டு வருடமாக அளவுகோல் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. முதல் திங்கட்கிழமை வந்ததும் புத்தகத்தைத் திறப்பார், போன மாத எண்ணைப் பார்த்து அப்படியே எழுதுவார், கீழே அழகாக ஒரு கையெழுத்து வைப்பார். முழுசாக ஒரு நிமிஷம் ஆகாது.

பிப்ரவரி நடுவில் மூன்றாம் நம்பர் நுண்ணோக்கியின் பழைய கேமரா செத்துப்போனது. புதிது வந்தது. கேமரா மாறினால் படத்தில் உள்ள ஒரு புள்ளி எவ்வளவு நீளத்தைக் காட்டுகிறது என்பதும் மாறும். கணினியில் அந்த எண்ணை மாற்றிவிட வேண்டும். இது அங்கே பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுக்கிற பாடம், சொல்லிக் கொடுப்பவரும் விஜயரட்ணமே. பொருத்த வந்த டெக்னீஷன் மாற்றியிருப்பான் என்று இவர் நினைத்தார். சார் மாற்றிக்கொள்வார் என்று அவன் நினைத்தான். யாரும் மாற்றவில்லை. அன்றிலிருந்து மூன்றாம் நம்பரில் அளந்ததெல்லாம் பத்துக்குப் பதினான்கு என்று பெருத்து வந்தது. அந்த எந்திரத்துக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் செல்களை எண்ணிக்கொண்டு போகிறவர்கள். எண்ணுகிறவனுக்குச் சின்னதும் ஒன்று, பெரிசும் ஒன்று. ஆகவே ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ராகினி எண்ண வரவில்லை, அளக்க வந்தாள்.

முப்பத்தொரு வயது. பெம்பான் பக்கம் பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிப் பிள்ளை வளர்த்த இருசம்மாளின் ஒரே மகள். அப்பா இல்லை. ஆறு வருடம் டியூஷன் எடுத்துவிட்டு, அதற்கப்புறம் முனைவர் படிப்புக்கு வந்து டாக்டர் ரெஜினால்டின் குழுவில் சேர்ந்தவள். ஈரலில் கொழுப்பு கட்டிய எலிகளுக்கு ஒரு மருந்து கொடுத்தால் அந்தக் கொழுப்புத் துளிகள் சுருங்குகின்றனவா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. மருந்து சாப்பிட்ட எலிகளின் ஈரலை ஜனவரியிலேயே மூன்றாம் நம்பரில் படமெடுத்து அளந்துவிட்டாள். மருந்து சாப்பிடாத எலிகளுடையதை மார்ச்சில் அளந்தாள். நடுவில் கேமரா மாறிவிட்டது. மருந்து சாப்பிடாத எலிகளின் துளிகள் எல்லாம் பூதாகாரமாக வந்தன. அதாவது, மருந்து அற்புதமாக வேலை செய்கிற மாதிரி இருந்தது.

வேறொருத்தியாக இருந்தால் குதித்திருப்பாள். இவள் நேரே விஜயரட்ணத்திடம் வந்தாள்.

"சார், ஒரு ஹெல்ப். மூணாம் நம்பர்ல அந்த கிளாஸ் ஸ்கேல ஒரு தடவ வெச்சுப் பாக்கலாமா?"

"ஏன்?"

"ரிசல்ட் ரொம்ப நல்லா வருது சார். அதான் பயமா இருக்கு. இவ்ளோ நல்லா வரக் கூடாது."

விஜயரட்ணத்துக்குச் சுருக்கென்றது. தன் எந்திரத்தைச் சந்தேகப்படுகிறாள். அதுவும் யார்? தோட்டத்துக் கூலியின் மகள். பச்சைப் புத்தகத்தைத் திறந்து அந்த வாரம் போட்ட கையெழுத்தை விரலால் தட்டிக் காட்டினார்.

"திங்கக்கிழமைதான் செக் பண்ணேன். மெஷின்ல தப்பு இல்ல. உங்க ஆளுங்க இப்பத்தான் இந்தப் பக்கமே வர்றீங்க. மொதல்ல கத்துக்குங்க, அப்புறம் சந்தேகப்படலாம்."

அவள் முகம் கறுத்தது. "சரி சார்" என்றாள், போய்விட்டாள். அவளுக்கு வேறு என்ன வழி? அந்த அறைக்கு அவர் வைத்ததுதான் சட்டம்.

டாக்டர் ரெஜினால்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருந்தாலும் கட்டுரை அனுப்புவதற்கு முன் உறுதிப்படுத்திக்கொள்ளலாமென்று ராகினியின் தகடுகளைக் கோலாலம்பூரில் உள்ள வேறொரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி அளக்கச் சொன்னார். அவர்கள் அளந்தார்கள். இரண்டு வகை எலிகளுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை என்று பதில் வந்தது. மருந்து வேலை செய்கிற மாதிரிக் காட்ட அந்தப் பெண் எண்களைக் கூட்டிப் போட்டிருக்கிறாள் என்று பேச்சு கிளம்பியது. ஜூன் மாதம் விசாரணைக் கமிட்டி உட்கார்ந்தது.

கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தது. தலைமை தாங்கிய அம்மாள் விஜயரட்ணத்தைப் பார்த்து, "எந்திரத்தில் பிழை இருக்க வாய்ப்புண்டா?" என்று கேட்டார். அவர் பச்சைப் புத்தகத்தை மேசைமேல் வைத்தார். மார்ச், ஏப்ரல், மே, ஜூன். நான்கு கையெழுத்து. அதைப் பார்த்தபின் யாரும் மேலே கேட்கவில்லை.

ராகினி எழுந்து நின்றாள். "நான் மார்ச்சிலேயே இவரிடம் சோதிக்கச் சொன்னேன்" என்றாள்.

"அப்படிக் கேட்டாரா?" என்று தலைவர் அம்மாள் திரும்பினார்.

விஜயரட்ணத்துக்கு ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருந்தது. தான் சொன்ன அந்த 'உங்க ஆளுங்க'வும் ஞாபகம் இருந்தது. கேட்டாள் என்று சொன்னால், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். அது வெளியே வரக் கூடாது.

"எனக்கு ஞாபகமில்லை" என்றார்.

ராகினி அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அடுத்த வாரம் அவளைப் படிப்பிலிருந்து நீக்கினார்கள்.

மனுஷனுக்கு அதற்கப்புறமாவது உறைத்ததா? இல்லை. ஜூலையிலும் அளக்காமல் கையெழுத்துப் போட்டார். ஆகஸ்டிலும் போட்டார், செப்டம்பரிலும் போட்டார். கேமரா மாறியதிலிருந்து எண்ணினால் மொத்தம் ஏழு.

செப்டம்பர் நடுவில் சூசன் வந்தாள். அதே நிலையத்தில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை, வாய் ஓயாத பெண். புதிதாக வந்த சாயத்தைச் சோதித்துப் பார்க்கத் தன் விரலைக் குத்தி ரத்தம் எடுத்து, மூன்றாம் நம்பரில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சிரித்தாள்.

"சார், இங்க வாங்க. ரத்தச் செல்லு ஏழரைதானே இருக்கணும்? பத்தரைன்னு காட்டுது லா. நான் என்ன யானையா?"

விஜயரட்ணத்தின் முகத்தில் ஈயாடவில்லை. மனிதனின் சிவப்பணு ஏழரை மைக்ரான். அது ஆளுக்கு ஆள் மாறாது. கண்ணாடி அளவுகோல் கைவசம் இல்லாவிட்டால் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம் என்று அவரே பல தடவை வகுப்பெடுத்திருக்கிறார். "நீ போய் டீ குடிச்சிட்டு வாம்மா" என்று அவளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். இரண்டு வருடமாகத் திறக்காத பெட்டியைத் திறந்து அளவுகோலை எடுத்து வைத்தார். நூறு இருக்க வேண்டிய இடத்தில் நூற்று நாற்பது.

முதலில் என்ன செய்தார் தெரியுமா? கணினியில் எண்ணைத் திருத்தினார். சூசன் திரும்பி வந்தபோது ஏழரை காட்டியது. "பாத்தியா, நீதான் சரியா வைக்கல" என்றார். சொல்லும்போதே அவருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

அவள் போனபின் ராகினியின் பழைய படங்களைத் திறந்தார். எலி ஈரல். செல்களுக்கு நடுவே உள்ள சின்னச் சின்னச் சந்துகளில், ஒவ்வொரு படத்திலும், சிவப்பணுக்கள். எலியின் சிவப்பணு மனிதனுடையதைவிடக் கொஞ்சம் சிறிசு, ஆறரைக்குமேல் போகாது. ஜனவரிப் படத்தில் அளந்தார். ஆறு, ஆறரை. மார்ச்சுப் படத்தில் அளந்தார். எட்டரை, ஒன்பது. அறுபது படத்திலும் சாட்சி உட்கார்ந்திருந்தது. அந்தப் படங்களைக் கமிட்டிக்கு முன்னால் திரையில் போட்டுக் காட்டியவரே விஜயரட்ணம்தான். ஒரு ரத்தச் செல்லை அளந்து பார்க்க அன்றைக்கு அவருக்கு முப்பது விநாடி போதுமாயிருந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இவருக்குத் தெரியாமல் இல்லை, திரும்பிப் பார்க்க மனம் வரவில்லை.

பதினொரு நாள் யாரிடமும் சொல்லவில்லை. எண்ணைத்தான் திருத்தியாயிற்றே, இனிமேல் யாருக்கும் கெடுதல் இல்லையே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிப் பார்த்தார். அது நிற்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. யாராவது "சார்" என்று கூப்பிட்டாலே தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டாம் நாள் காலை, தட்டில் இருந்த இடியப்பத்தை அவர் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து மனைவி சந்திராதேவி எதிரே உட்கார்ந்தார். அந்த வீட்டில் இன்னும் யாழ்ப்பாணத்துப் பேச்சுதான்.

"என்னப்பா, பத்து நாளா ஒழுங்காச் சாப்பிடேல்லை. என்ன நடந்தது?"

சொன்னார். ஒன்றுவிடாமல் சொன்னார்.

"அந்தப் பிள்ளை உங்களிட்ட வந்து கேட்டதோ, இல்லையோ?"

"கேட்டது."

"பிறகு ஏன் ஞாபகமில்லை எண்டு சொன்னனீங்கள்?"

விஜயரட்ணம் தட்டைத் தள்ளி வைத்தார்.

"உங்கட பேர் மட்டும்தான் பேரோ? அவளுக்குப் பேர் இல்லையோ?" என்று கேட்டுவிட்டுச் சந்திராதேவி எழுந்து அடுப்படிக்குப் போனார்.

அன்றைக்கே விஜயரட்ணம் கமிட்டியைக் கூட்டச் சொன்னார். பச்சைப் புத்தகத்தைத் திறந்து, மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை ஒவ்வொரு கையெழுத்தின்மேலும் விரலை வைத்து, "இது அளக்காமல் போட்டது, இதுவும் அளக்காமல் போட்டது" என்று ஏழு தடவை சொன்னார். "அந்தப் பெண் என்னிடம் வந்து கேட்டார். ஞாபகமில்லை என்று நான் சொன்னது பொய்" என்றும் சொன்னார். பிறகு தலைவர் அம்மாள், ராகினியின் மீதான தீர்ப்பை ரத்து செய்து கடிதம் அனுப்புவதாகவும், விஜயரட்ணம் அறைச் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்றும் சொன்னார். சாவியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

வெளியே வந்ததும் டாக்டர் ரெஜினால்ட் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இந்த வயசுல இத ஒத்துக்க பெரிய மனசு வேணும் சார்" என்றார். இன்னும் இரண்டு பேர் வந்து தோளில் தட்டினார்கள். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு மாலை போடுகிற உலகம் இது! கூச்சமாக இருந்தாலும், உள்ளுக்குள் ஒரு மூலையில் அவருக்கு அது இதமாகவும் இருந்தது. கஷ்டமான கட்டம் தாண்டிவிட்டது என்று நினைத்தார். கடிதம் போய்ச் சேர நாளாகும், நானே நேரில் சொல்லிவிடுகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு பெம்பானுக்குப் போனார்.

தோட்டம் கைமாறிய பிறகு கிடைத்த மலிவு விலை வீடு அது. கேட்டில் நின்று கூப்பிட்டதும் இருசம்மாள் வந்தார். அறுபது வயதுக்கு மேல், தோளில் ஒரு துண்டு. விஜயரட்ணம் தன் பெயரைச் சொன்னதுதான் தாமதம், அந்த அம்மாள் பதறிப்போனார்.

"ஐயோ, நீங்களா சார்? உள்ள வாங்க, உக்காருங்க. தேத்தண்ணி கலக்குறேன்."

"ஒண்ணும் வேணாம்மா. ராகினி இருக்காங்களா?"

"ஜாசின்ல ஒரு கிளினிக்ல கவுண்டர் வேல சார். இப்ப வர்ற நேரந்தான்." சொல்லிக்கொண்டே நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். அவர் உட்கார்ந்ததும், தான் நின்றுகொண்டே கையைக் கூப்பினார். "சார், எம் பொண்ண மன்னிச்சிருங்க சார்."

விஜயரட்ணத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா சொல்றீங்க?"

"செஞ்ச தப்ப ஒத்துக்காம ஒங்க பேரையும் இழுத்து விட்டுட்டா. அப்பன் இல்லாம வளந்த புள்ள சார். நான் அவகிட்ட சொன்னேன், மாசா மாசம் கையெழுத்துப் போட்டு வெச்சிருக்காராம், அவ்ளோ பெரிய மனுசன், அவரு எதுக்குடி பொய் சொல்லப் போறாருன்னு. கேக்கவே மாட்டேன்னுட்டா. கோயிலுக்கு இழுத்துட்டுப் போனேன் சார். கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுடின்னேன்."

"பண்ணாங்களா?"

"பண்ணுனா சார். கையால அணைச்சா." இருசம்மாள் வாசலைப் பார்த்தார். "அப்பவும் நான் நம்பல. சாமி முன்னாலயே பொய் சொல்ற அளவுக்குப் போயிட்டாளேன்னு மனசு விட்டுப்போச்சு. ரெண்டு மாசமாச்சு சார், அவகூட நான் பேசல. சோத்தப் போட்டு வெச்சிட்டு எந்திரிச்சுப் போயிருவேன்."

காலையில் கைகொடுத்தவர்களும் தோளில் தட்டியவர்களும் ஒரு நொடியில் எங்கோ போய்விட்டார்கள். விஜயரட்ணத்தால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றார்.

"அம்மா, உங்க பொண்ணு பொய் சொல்லல. தப்பு என்னோடது."

இருசம்மாள் கூப்பிய கையை இறக்கவில்லை. "என்னா சார்?"

"மெஷின்தான் தப்பாக் காட்டிச்சு. மாசா மாசம் அத அளந்து பாக்க வேண்டியது நான். அளக்கல."

"ஆனா கையெழுத்துப் போட்டீங்கள்ல?"

"அளக்காமலே போட்டேன்."

"அவ வந்து ஒங்ககிட்ட கேட்டாளா?"

"கேட்டாங்க. நான்தான் திட்டி அனுப்பிட்டேன். அப்புறம் எல்லார் முன்னாலயும் ஞாபகமில்லன்னு சொன்னேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தார். செருப்பை எடுத்தாலும் வாங்கிக்கொள்ளலாமென்று நின்றார். இருசம்மாள் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் அவள நம்பலையே சார்" என்றார். "பெத்தவ நானே நம்பலையே."

வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ராகினி கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தலையில் ஹெல்மெட், கையில் ரொட்டிப் பொட்டலம். விஜயரட்ணத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள் இருசம்மாள் தட்டுத் தடுமாறி எழுந்து ஓடினார்.

"ராகினி, அம்மாகிட்ட பேசும்மா. என்னா வேணாலும் சொல்லு. திட்டு. பேசாம மட்டும் இருக்காதம்மா."

ராகினி அசையவில்லை. அம்மா இரண்டு கைகளாலும் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். விஜயரட்ணம் இரண்டடி தள்ளி நின்று, காரில் வரும்போது சேர்த்து வைத்திருந்ததை அவசர அவசரமாகச் சொன்னார்.

"இன்னிக்கிக் கமிட்டில எல்லாத்தையும் சொல்லிட்டேன். லெட்டர் வரும். மறுபடியும் சேத்துக்குவாங்க. நான் உங்ககிட்ட நேர்ல மன்னிப்பு கேக்கணும்னு..."

"சரி சார்" என்றாள் ராகினி. அவரைப் பார்க்காமலே சொன்னாள். அவள் பார்வை முழுக்க அம்மாவின் முகத்தில் இருந்தது. "ரெண்டு மாசத்துக்கு அப்புறம் இப்பத்தான் எங்கம்மா என் பேரச் சொல்லிக் கூப்பிடுறாங்க. நீங்க கெளம்புங்க சார்."

விஜயரட்ணம் அவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு, சுவரோடு ஒட்டி, கேட்டுக்கு வெளியே போனார்.